வயலில் விழுந்த மழை எவ்வளவு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வயலிலேயே மழையையும் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அன்றாடம் குறித்து வையுங்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நின்றன: குறித்து வைத்த எண்ணைக் கொண்டு அடுத்து என்ன செய்வது? இந்த முறை பகுதி முழுவதும் அந்தக் கேள்விக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

கேள்வி: எங்கள் வட்டாரத்தில் 38 மி.மீ. மழை பெய்ததாகக் கைபேசியில் பார்த்தேன். எங்கள் சம்பா வயலிலோ வரப்பு மண்கூட முழுதாக நனையவில்லை. மழை வரும் என்ற அறிவிப்பை நம்பி யூரியா மேலுரத்தை ஒரு வாரம் தள்ளிப்போட்டது வீணாயிற்று. இனி எதை நம்புவது?
(திருத்துறைப்பூண்டி வாசகர்)

பதில்: கைபேசியில் வந்த அளவும் பொய்யல்ல, உங்கள் வயல் காய்ந்து கிடந்ததும் பொய்யல்ல. வட்டாரத்தில் ஓரிடத்தில் நிற்கும் தானியங்கி வானிலை நிலையம், தன் தலைமேல் விழுந்த மழையை மட்டுமே சொல்லும். புரட்டாசி மாலைகளில் இடியோடு வரும் மழை ஓர் ஊரில் கொட்டித் தீர்த்துவிட்டு அடுத்த ஊரில் தூறல்கூடப் போடாமல் போவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகி ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் அடைமழை பரவலாக இருப்பதால் அப்போது இந்த வேறுபாடு குறையும். "ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்" என்று வானிலை ஆய்வு மையம் சொல்லும்போது, அந்தப் பகுதியிலுள்ள மழை பதிவு நிலையங்களில் அதிகம் போனால் நான்கில் ஒரு பங்கில்தான் மழை பதிவாகும் என்பது பொருள். மீதி முக்கால் பங்கில் உங்கள் வயல் இருந்தால் அது அறிவிப்பின் குற்றமாகாது.

இன்னொரு குழப்பமும் இதில் உண்டு. நம் நாட்டில் மழை அளவு காலை 8.30 மணிக்கு எடுக்கப்பட்டு, அதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்கு உரியதாகக் கணக்கிடப்படுகிறது. ஆகவே திங்கட்கிழமை மாலை பெய்த மழை செவ்வாய்க்கிழமைக் கணக்கில்தான் வரும். வட்டார அளவையும் வீட்டு நினைவையும் ஒப்பிடும்போது ஒருநாள் பிசகியே பாதிச் சண்டை வந்துவிடுகிறது. நீங்களும் உங்கள் மழைமானியைக் காலை 8.30 மணிக்கே பாருங்கள்.

மழைமானி என்றவுடன் பெரிய செலவு என்று எண்ண வேண்டாம். அடி தட்டையாகவும் பக்கங்கள் நேர்ச்சுவராகவும் இருக்கும் எந்தப் பாத்திரமும் மழைமானிதான். அதற்குள் நிற்கும் நீரின் உயரத்தை அளவுகோலால் பார்த்தால் அதுவே மில்லிமீட்டர். பாத்திரத்தின் வாய் அகலத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. விளிம்பு தரையிலிருந்து சுமார் 30 செ.மீ. உயரத்தில், சாயாமல் இருக்க வேண்டும். அருகிலுள்ள மரம், சுவர், மோட்டார் அறை ஆகியவற்றின் உயரத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு தூரம் தள்ளி வைக்க வேண்டும். நான் முதன்முதலில் மழைமானி வைத்தது கொல்லையில் நின்ற முருங்கை மரத்துக்கு நான்கடி தள்ளி. சிறு தூறலை மரம் வாங்கிக்கொள்ளும். பெருமழையில் இலைச்சொட்டும் சேர்ந்து விழும். ஒரு பருவம் முழுக்க நான் முருங்கையின் மனநிலையைத்தான் அளந்துகொண்டிருந்தேன்.

இப்போது மேலுரத்துக்கு வருவோம். ஒரு மி.மீ. மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர், ஏக்கருக்கு ஏறக்குறைய 4,000 லிட்டர். நெல் வயலில் இந்தக் கணக்கு இன்னும் எளிது, ஏனெனில் 50 மி.மீ. மழை பெய்தால் தேங்கியிருக்கும் நீர் 5 செ.மீ. உயரும். ஆகவே யூரியா போடும் நாளில் வயலில் இறங்கி, நீர்மட்டத்துக்கும் வரப்பின் மிகத் தாழ்ந்த இடத்துக்கும் இடையே எத்தனை செ.மீ. மிச்சமிருக்கிறது என்று பாருங்கள். ஐந்து செ.மீ. மிச்சமிருந்தால், 50 மி.மீ. வரை பெய்தாலும் உரம் உங்கள் வயலிலேயே கிடக்கும். அதற்குமேல் பெய்தால் வரப்பு வழிந்து பக்கத்து வயலுக்கோ வடிகாலுக்கோ போகும். 15.6 மி.மீ. முதல் 64.4 மி.மீ. வரை பெய்வதை வானிலைத் துறை "மிதமான மழை" என்றே அழைக்கிறது. கனமழை என்பது 64.5 மி.மீ.க்கு மேல். மிதமான மழைதானே என்று இருப்பவரின் உரமும் வரப்பேறிப் போகலாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். அறிவிப்பைப் பார்த்து மட்டும் ஒரு வாரம் ஒத்திப்போட்டதைவிட, மேல்வரப்பு வாய்மடையை அடைத்து, தாழ்ந்த இடத்தில் இரண்டு கூடை மண் போட்டுவிட்டு, பாதி அளவு யூரியாவை உரிய நாளிலேயே போட்டிருந்தால் பயிர் வெளுத்திருக்காது என்பது என் கருத்து.

கேள்வி: கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை வைத்திருக்கிறேன். அடிச்சாம்பல் நோய்க்குப் பயந்து எட்டு நாளைக்கு ஒருமுறை மருந்து தெளிக்கிறோம். தோட்டத்தில் வானிலைக் கருவி வைத்தால் தெளிப்பைக் குறைக்க முடியுமா?
(கூடலூர், தேனி மாவட்ட வாசகர்)

பதில்: முடியும். ஆனால் சில வாரங்களில் கூடவும் செய்யும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாள்காட்டியைப் பார்த்துத் தெளிப்பவர் காய்ந்த வாரத்தில் வீணாகத் தெளிப்பார். ஈரமான வாரத்தில் இரண்டு நாள் தாமதமாகத் தெளிப்பார்.

ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களில் நெடுநாளாக "மூன்று பத்து" என்றொரு விதி உண்டு. தளிர் 10 செ.மீ. வளர்ந்திருந்து, வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல், ஓரிரு நாளில் 10 மி.மீ. மழையும் பெய்தால் முதல் தொற்று வரும் என்று எதிர்பார்த்து அங்கே தெளிப்பைத் தொடங்குவார்கள். குளிர்காலத்தில் கொடி இலையுதிர்த்து உறங்கும் நாட்டுக்கான விதி அது. கம்பத்தில் 10 டிகிரி என்பது ஆண்டு முழுதும் தானாகவே நிறைவேறிவிடும் நிபந்தனை; ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது அடுத்த தோட்டத்தில் குலை தொங்குகிறது, பச்சை இலை இல்லாத நாளே கிடையாது. எனவே முதல் தொற்றை மட்டும் கணிக்கும் விதி நமக்குப் போதாது. இலையிலிருந்து இலைக்குத் தாவும் தொற்றைத்தான் கவனிக்க வேண்டும்.

அந்தத் தொற்று இரவில் நடக்கிறது. இலையின் மேற்பக்கம் எண்ணெய் சிந்தியது போன்ற மஞ்சள் திட்டு தெரிந்தால், அதன் அடிப்பக்கத்தில் வெண்ணிறப் பூஞ்சணம் உண்டாக இருட்டு வேண்டும். ஏறத்தாழ நான்கு மணி நேரமாவது காற்றின் ஈரப்பதம் 95 சதவீதத்துக்கு மேல் நிற்க வேண்டும். அப்படி உண்டான வித்துகள் வேறோர் இலையில் முளைக்க, இலையின் மேல் நீர்ப்படலம் சில மணி நேரம் காயாமல் இருக்க வேண்டும். ஆகவே பகல் வெப்பத்தைவிட, இலை எத்தனை மணிக்கு நனைந்து எத்தனை மணிக்குக் காய்ந்தது என்பதே உங்களுக்கு வேண்டிய செய்தி. இலை ஈர உணரி என்று விற்கும் தட்டு இதைத்தான் செய்கிறது. அதை வாங்கினால் பந்தலுக்கு மேலே வெயிலில் கட்டாமல், இலைகளுக்கு நடுவே சற்றுச் சாய்வாகக் கட்டுங்கள். மேலே இருக்கும் தட்டு ஏழு மணிக்கே காய்ந்துவிடும், பந்தலுக்குள் இருக்கும் இலை ஒன்பது மணிக்கும் நனைந்தே இருக்கும்.

கருவி இல்லாமலும் இதைச் செய்யலாம். காலை ஆறு மணிக்குப் பந்தலுக்குள் நுழைந்து, குலைக்கு அருகிலுள்ள நான்கைந்து இலைகளைப் புறங்கையால் தடவிப் பாருங்கள். பிறகு அரை மணிக்கு ஒருமுறை பார்த்து, ஈரம் போன நேரத்தை எழுதுங்கள். மாலையில் மழை பெய்து, இரவெல்லாம் காற்றில்லாமல், காலை எட்டரை வரை இலை காயாத நாளைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். அத்தகைய நாள்கள் இரண்டு அடுத்தடுத்து வந்து, தோட்டத்தில் எண்ணெய்த் திட்டும் கண்ணில் பட்டால், எட்டாம் நாளுக்குக் காத்திருக்காதீர்கள். வறண்ட காற்று வீசி, பனியும் இல்லாத வாரத்தில் எட்டைப் பன்னிரண்டாக்கலாம்; ஆனால் கவாத்துக்குப் பின் தளிர் வேகமாக ஓடும் நாள்களில் இதைச் செய்ய வேண்டாம், ஏனெனில் போன தெளிப்புக்குப் பிறகு விரிந்த இலையில் மருந்தே இல்லை. போர்டோ கலவை போன்ற, இலைமேல் படிந்து காக்கும் மருந்துகளைத் தெளித்த பிறகு பெய்த மழையைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். கூட்டுத்தொகை 25 மி.மீ.யைத் தாண்டினால் பாதுகாப்பு பாதியாகிவிட்டது என்று கொள்வது நடைமுறையில் பலரும் கைக்கொள்ளும் கணக்கு.

கேள்வி: ஆடி மாதம் தக்காளிக்கு மருந்து தெளிக்கும்போது காற்றில் பாதி போய்விடுகிறது. காற்றே இல்லாத விடியற்காலையில் தெளிப்பது சரியா?
(உடுமலைப்பேட்டை வாசகர்)

பதில்: பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, உங்கள் ஊரைச் சுற்றி நிற்கும் காற்றாலைகளே சாட்சி. மணிக்கு 15 கி.மீ.க்கு மேல் காற்று வீசினால் தெளிக்க வேண்டாம். அதே சமயம் துளியும் காற்றில்லாத விடியற்காலையும் நல்ல நேரமல்ல என்றால் பலர் வியக்கிறார்கள். தரை குளிர்ந்து, அதன்மேல் குளிர்ந்த காற்று படுத்துக்கிடக்க, மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் நிற்கும் நேரம் அது. நுண்துளிகள் கீழே படியாமல், கலைந்தும் போகாமல், மூட்டமாக நின்று, பின்னர் மெல்ல நகர்ந்து பக்கத்துத் தோட்டத்தில் இறங்கும். ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி வரப்பில் செருகிப் பாருங்கள். புகை கொஞ்சம் எழும்பிப் பிறகு தரைக்கு இணையாக நூல்போல் படுத்து நகர்ந்தால் காத்திருங்கள். வெயில் ஏறி, புகை கலைந்து மேலெழத் தொடங்கியதும், பெருங்காற்று கிளம்புவதற்கு முன்பாக உள்ள ஒன்றிரண்டு மணி நேரமே உங்கள் நேரம்.

இரண்டு கண்ணாடி வெப்பமானிகள் இருந்தால் இதைவிடத் துல்லியமாகப் பார்க்கலாம். ஒன்றின் குமிழில் மல் துணியைச் சுற்றி, துணியின் நுனி மழைநீர் உள்ள சிறு புட்டியில் மூழ்கும்படி வைத்து, இரண்டையும் நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். உலர் குமிழ் 30 டிகிரி, ஈரக் குமிழ் 25 டிகிரி என்றால் காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 67 சதவீதம். தெளிப்புக்கு அந்தச் சதவீதம்கூட வேண்டாம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே போதும். வித்தியாசம் 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தால் தெளிக்கலாம். 10-ஐத் தாண்டினால் துளி இலையை அடையும் முன்பே சுருங்கி ஆவியாகும். பங்குனி மதியத்தில் உலர் குமிழ் 36, ஈரக் குமிழ் 23 என்று காட்டினால் வித்தியாசம் 13. அந்த நேரத்தில் தெளிப்பானைத் தோளில் மாட்டுவது மருந்துக் கடைக்காரருக்குச் செய்யும் உதவி.

கேள்வி: சொட்டுநீரில் நேந்திரன் வாழை. தினமும் இரண்டு மணி நேரம் மோட்டார் ஓடுகிறது. மழைக்காலத்திலும் அதே இரண்டு மணி நேரம்தான். இதை எப்படிக் கணக்கிடுவது?
(கோபிசெட்டிபாளையம் வாசகர்)

பதில்: மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் ஒரு நாளில் ஆவியாகும் நீரையே திருப்பித் தர வேண்டும். அதையும் மழையைப் போல மி.மீ.யில்தான் சொல்கிறார்கள். கோடையில் உங்கள் பக்கம் இது நாளொன்றுக்கு 5 மி.மீ.யை ஒட்டி இருக்கும்; கார்த்திகையில் மேகமூட்டமான நாளில் 3 மி.மீ.க்கும் இறங்கும். ஆராய்ச்சி நிலையங்களில் ஆவியாதலை அளக்க 120.7 செ.மீ. விட்டமும் 25 செ.மீ. ஆழமும் உள்ள வட்டத் தொட்டியை வைக்கிறார்கள். தொட்டியில் குறைந்த அளவை ஏறத்தாழ 0.7-ஆல் பெருக்கினால் பயிருக்கான அடிப்படை அளவு கிடைக்கும். நாமே ஒரு தொட்டியை வைக்கலாம்தான், ஆனால் காகமும் ஆடும் குடித்ததெல்லாம் ஆவியானதாகக் கணக்கில் ஏறிவிடும் என்பதால், அருகிலுள்ள நிலையத்தின் அளவை எடுத்துக்கொள்வதே மேல்.

வளர்ந்த வாழை இந்த அடிப்படை அளவைப் போல் 1.1 மடங்கு நீர் கேட்கும். ஆறடிக்கு ஆறடி, அதாவது 1.8 மீட்டர் இடைவெளி என்றால் ஒரு வாழைக்குரிய பரப்பு 3.24 சதுர மீட்டர். 5-ஐ 1.1-ஆலும் 3.24-ஆலும் பெருக்கினால் ஏறக்குறைய 18 லிட்டர். வாழைக்கு 4 லிட்டர் சொட்டுவான் இரண்டு இருந்தால் மணிக்கு 8 லிட்டர்; ஆகவே இரண்டேகால் மணி நேரம். கார்த்திகையின் 3 மி.மீ. நாளில் இதே கணக்கு 11 லிட்டருக்குள் முடிந்து, ஒரு மணி இருபது நிமிடம் போதும் என்று வரும். எனவே உங்கள் இரண்டு மணி நேரம் கோடையில் சற்றுக் குறைவு, கார்த்திகையில் மிகையானது. முந்தைய நாள் மழைமானி 2 மி.மீ. காட்டினால் அதைக் கண்டுகொள்ள வேண்டாம்; அது இலையையும் சருகையும் நனைத்து மறையும். 10 மி.மீ. என்றால் கோடையில் ஒருநாள், மேகமூட்டத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் மோட்டாரை நிறுத்தலாம். எத்தனை நாள் என்பதை மண்ணே சொல்லட்டும்: தண்டிலிருந்து ஓரடி தள்ளி ஒரு சாண் ஆழம் தோண்டி, மண்ணை உருட்டிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் சார்பில் தானியங்கி வானிலை நிலையம் ஒன்று வாங்க எண்ணியுள்ளோம். எதைப் பார்த்து வாங்குவது?
(ஒட்டன்சத்திரம் வாசகர்)

பதில்: அதை வாரம் ஒருமுறை துடைக்கப் போகிறவர் யார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் நிலையம் நிறுவிய மூன்றாம் மாதமே மழையளவு பூஜ்யமாகிவிட்டது. கொட்டும் மழையிலும் பூஜ்யம். ஏறிப் பார்த்தால் புனலின் கழுத்தில் எறும்பு புற்று கட்டியிருந்தது. பெரும்பாலான நிலையங்களில் மழையை அளப்பது ஏற்றப்பலகை போல இருபுறமும் சாயும் ஒரு சிறு கிண்ணம். குறிப்பிட்ட அளவு நீர் நிறைந்ததும் கவிழும். கவிழ்ந்த எண்ணிக்கையே மழையளவாகும். புனலின் வாய்ப்பரப்பு 200 சதுர செ.மீ. என்றால், 200 மி.லி. நீரை அடியில் ஊசித்துளையிட்ட புட்டியிலிருந்து மெதுவாகச் சொட்டவிட்டால் திரையில் 10 மி.மீ. காட்ட வேண்டும். விற்பவர் எதிரிலேயே இதைச் செய்து பாருங்கள். 8 அல்லது 12 காட்டினால் சரிசெய்து தரச் சொல்லுங்கள். பதிவாகும் அளவுகளை உங்கள் கணினிக்கு எடுத்துக்கொள்ளும் உரிமை சந்தா முடிந்த பிறகும் இருக்குமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். வாங்கிய பிறகும் பக்கத்தில் ஒரு சாதாரண மழைமானி இருக்கட்டும்.

கேள்வி: என் மழைமானிக் குறிப்பேட்டைப் பயிர்க் காப்பீட்டு இழப்பீட்டுக்குக் காட்டலாமா?
(பரமக்குடி வாசகர்)

பதில்: அதை வைத்து இழப்பீடு கணக்கிட மாட்டார்கள். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் மகசூல் இழப்பு என்பது அறிவிக்கப்பட்ட பகுதியில் நடத்தும் பயிர் அறுவடைப் பரிசோதனையைப் பொறுத்தது. வயல் மூழ்குவது போன்ற தனி வயலுக்கான சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதால், எந்த நாள் எத்தனை மணிக்கு என்று எழுதி வைத்திருப்பவர் காலம் தவறாமல் தெரிவித்துவிடுவார். அந்த அளவுக்குக் குறிப்பேடு உதவும்.

கேள்வி: கரிசலில் மானாவாரிப் பருத்தி. "ஒரு உழவு மழை பெய்தால் விதைக்கலாம்" என்பார் என் தந்தையார். அது எத்தனை மி.மீ.?
(கோவில்பட்டி வாசகர்)

பதில்: நல்ல கேள்வி, ஆனால் அதற்கு நான் ஓர் எண்ணைத் தந்தால் உங்களை ஏமாற்றியவனாவேன். உழவு மழை என்பது விழுந்த நீரின் அளவல்ல, ஏர் இறங்கும் ஆழத்துக்கு ஈரம் போயிற்றா என்பதன் அளவு. முற்றத்து ஆட்டுரலின் குழியில் நின்ற நீரைப் பார்த்து மழையை மதித்த நம் பெரியவர்கள், அதோடு நில்லாமல் கொல்லையில் கால்விரலால் மண்ணைக் கிளறியும் பார்த்தார்கள். ஒரே அளவு மழை மணற்பாங்கான நிலத்தில் ஆழமாக இறங்கும். கரிசலில் மேலாகவே நிற்கும். கோடையில் வெடித்த கரிசலிலோ வெடிப்பு வழியாக அடியில் போய்விட்டு, மேல்மண்ணை ஏமாற்றும்.

எனவே இந்தப் பருவத்தில் ஒவ்வொரு மழைக்கும் மறுநாள் காலை, மழைமானியைப் பார்த்த கையோடு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், நிலத்தின் மேட்டில் ஒன்றும் பள்ளத்தில் ஒன்றுமாக இரண்டு குழி வெட்டுங்கள். ஈரமண்ணுக்கும் புழுதிக்கும் இடையே கோடு போட்டது போலத் தெரியும். மேலிருந்து அந்தக் கோடு வரை அளந்து, மழையளவுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். நாளும், அதற்கு முன் எத்தனை நாள் மழையில்லை என்பதும் சேரட்டும். பருவமழைக்கு முன்பே புழுதி விதைப்பாகப் போடுவதானால் விதையை 5 செ.மீ. ஆழத்தில் போடச் சொல்வதன் காரணமும் அப்போது கண்முன் தெரியும்: எட்டு, பத்து மி.மீ. பெய்து ஓய்ந்துவிடும் மழையில் ஈரக்கோடு விதையை எட்டாமல் நின்றால், விதை முளைத்துக் கருகாமல் அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.

இரண்டு மூன்று பருவத்துக் குறிப்பு சேர்ந்தபின், ஈரம் ஒரு சாண் இறங்கிய நாள்களை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றின் மழையளவைப் பாருங்கள். உங்கள் தந்தையார் சொன்ன உழவு மழை, உங்கள் கொல்லைக்கு எத்தனை மி.மீ. என்பது அங்கே இருக்கும். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வெவ்வேறு எண் வந்தால் இரண்டையும் எழுதி அனுப்புங்கள், இப்பகுதியில் வெளியிடுகிறேன்.